சவானாவைச் சதுக்கம் சதுக்கமாகப் பார்க்க: இரண்டு நாளுக்கான முழு வழிகாட்டி

ஜார்ஜியாவின் கடலோர நகரமான சவானாவுக்கு அட்லாண்டா, ஜாக்சன்வில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார இறுதிகளில் கிளம்பிப் போவது வழக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஒருமுறை கட்டாயம் உண்டு. போனில் "பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று தேடி, அந்தப் பத்தையும் மேப்பில் குறித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார் ஓட்டுகிறார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் அலுத்துவிடுகிறது. பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிருக்கும். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது கேட்டைப் பூட்டியிருப்பார்கள்.

இந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பது பெரிய கேள்வி இல்லை. எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் கேள்வி. சதுக்கங்களை வரிசையாக நடந்து போனால் பாதிக்கு மேற்பட்ட கட்டடங்கள் தாமாகவே வழியில் வந்துவிடும். முதல் நாள் முழுக்க நடை, இரண்டாம் நாள் கார் என்று இங்கே பிரித்திருக்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நடந்து பார்க்கும் ஊர் என்பதால் வெயில்தான் எஜமான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையின் மே மாதத்துப் புழுக்கம் இருக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவதும் சாதாரணம். ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் காலமும்கூட. அந்த மாதங்களில் போவதானால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து எடுங்கள்.

மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்ல காலம். அசேலியா பூத்திருக்கும், நடந்தாலும் வியர்க்காது. மார்ச் 17-ஐ ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலம் இங்கே மிகப் பெரியது. அறை வாடகை எகிறும், தெருக்களை அடைத்துவிடுவார்கள், கூட்டம் குடித்துக்கொண்டே நடக்கும். குழந்தைகளோடு அந்த நாளில் சதுக்கம் பார்க்க முடியாது. வசந்தத்தைத் தவறவிட்டவர்களுக்கு நவம்பர் நல்ல மாற்று.

இந்த இரண்டு நல்ல பருவங்களிலும் ஒரு தொல்லை உண்டு: கண்ணுக்கே தெரியாத மணல் கொசு. சதுப்பு நிலத்தில் பிறப்பது. நகர மையத்தில் குறைவாகவும், ஆற்றோர, சதுப்போர இடங்களில் அதிகமாகவும் கடிக்கும். காற்று வீசும் நாளில் எழும்பாது. அதனால் வானிலை பார்க்கும்போது மழையோடு காற்றின் வேகத்தையும் பாருங்கள். காற்றடிக்கும் நாளை இரண்டாம் நாள் பட்டியலுக்கு ஒதுக்குங்கள்.

2. கிளம்பும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் ஷூ. நடைபாதைகள் செங்கல்லும் கல்லும் பதித்தவை. ஓக் மரங்களின் வேர் அவற்றை அங்கங்கே தூக்கி வைத்திருக்கிறது. அம்மா எவ்வளவு சொன்னாலும் சரி, ரப்பர் செருப்போடு கூட்டிப் போகாதீர்கள். கால் தடுக்கி விழுபவர்களில் பெரும்பாலோர் மேலே மரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தவர்கள்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, பூச்சி மருந்து, மடித்து வைக்கக்கூடிய ஒரு படுதா அல்லது பழைய பெட்ஷீட். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட இது வேண்டும். தள்ளுவண்டி கொண்டுபோவதானால் பெரிய சக்கரம் உள்ளதாக இருக்கட்டும். குடையைப் போல மடங்கும் சின்ன வண்டியின் சக்கரம் செங்கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டுகளில் ஒன்றை மட்டும் முன்பே வாங்கிவிடுங்கள்: ஓவன்ஸ்-தாமஸ் இல்லம் என்ற பழைய மாளிகை. அங்கே நேரம் குறித்துக் குழுவாகத்தான் உள்ளே அனுப்புகிறார்கள். வார இறுதியில் நல்ல நேரமெல்லாம் முதலில் போய்விடும். பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி எடுங்கள். காரணம் 8-ஆம் பகுதியில்.

3. வரைபடத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஐந்து நிமிடத்தை யாரும் செலவழிப்பதில்லை. பிறகு நாள் முழுக்க "இப்ப நாம எங்க இருக்கோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

1733-இல் இந்த ஊரை நிறுவிய ஆங்கிலேயர் ஓகில்தார்ப் வகுத்த திட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊர் சின்னச் சின்ன வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுக்கம். சதுக்கத்தின் வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் கோயில், பொதுக் கட்டடம் போன்றவற்றுக்கான பெரிய மனைகள். ஆகவே எந்தச் சதுக்கத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கிழக்கையும் மேற்கையும் பாருங்கள். தேவாலயமோ அருங்காட்சியகமோ பெரிய மாளிகையோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் 24 சதுக்கங்கள் இருந்தன, இப்போது 22. அவற்றை வடக்கு-தெற்காக ஓடும் தெருக்களின்படி நினைவில் வைப்பது சுலபம். மேற்கிலிருந்து கிழக்காக: மான்ட்கோமரி தெருவில் 1, பர்னார்டில் 5, புல் தெருவில் 5, அபர்கார்னில் 4, ஹேபர்ஷமில் 4, ஹூஸ்டனில் 3. வடக்கே ஆறு, தெற்கே ஃபோர்சைத் பூங்கா. எங்கே தொலைந்தாலும் இந்த இரண்டில் ஒன்றை நோக்கி நடந்தால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. புல், அபர்கார்ன் போன்ற தெருக்கள் சதுக்கத்துக்குச் சதுக்கம் தடைபடும். கார்கள் சதுக்கத்தை இடஞ்சுழியாகச் சுற்றிப் போக வேண்டும். இவற்றுக்கு இடையே உள்ள விட்டேக்கர், டிரேட்டன் இரண்டும் தடையில்லாத ஒருவழிச் சாலைகள்: விட்டேக்கர் தெற்கே போகும், டிரேட்டன் வடக்கே வரும். கார் ஓட்ட இவை, நடக்க அவை. மேப் ஆப் "சீக்கிரமான வழி" என்று டிரேட்டனில் நடக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு நிமிடம் மிச்சமாகும், சதுக்கங்கள் எல்லாம் போய்விடும்.

கடைசியாக, எல்லோரையும் குழப்பும் ஒன்று. சதுக்கத்தின் பெயர் ஒருவருடையது, நடுவில் நிற்கும் சிலை வேறொருவருடையது. புலாஸ்கி நினைவுத்தூண் மான்ட்டரே சதுக்கத்தில் இருக்கிறது. புலாஸ்கி சதுக்கம் வேறு. ஜெனரல் கிரீனின் தூண் ஜான்சன் சதுக்கத்தில். கிரீன் சதுக்கம் ஊரின் கிழக்கு ஓரத்தில். ஓகில்தார்ப் சிலை சிப்பேவா சதுக்கத்தில். ஓகில்தார்ப் சதுக்கம் தனி. இரண்டு குழுவாகப் பிரிந்து போகிறவர்கள் "புலாஸ்கி கிட்ட நில்லுங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு போனில் சண்டை போடுவார்கள். தெருவின் பெயரைச் சொல்லுங்கள்.

4. காரை ஒருமுறை நிறுத்துங்கள், மாலை வரை தொடாதீர்கள்

அட்லாண்டாவிலிருந்து ஏறக்குறைய 250 மைல், நான்கு மணி நேரம். ஐ-75 வழியாக மேக்கன் வரை, அங்கிருந்து ஐ-16. மேக்கனிலோ டப்ளினிலோ பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பைன் மரங்கள்தான், கடைகண்ணி குறைவு. ஐ-16 நேராக நகர மையத்திலேயே கொண்டுபோய் விடும்.

எல்லிஸ் சதுக்கத்தின் அடியில் இருக்கும் விட்டேக்கர் தெரு நிலத்தடி நிறுத்தத்தில் காரை விடுவது என் பரிந்துரை. மேலே ஏறினால் சதுக்கம். அங்கேயே பொதுக் கழிப்பறையும் குழந்தைகள் நனைந்து விளையாடத் தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றும் உண்டு. நடையைத் தொடங்கவும் முடிக்கவும் இதைவிடத் தோதான இடம் இல்லை. (இந்தச் சதுக்கத்தில் இருந்த சந்தையை 1954-இல் இடித்து அடுக்கு பார்க்கிங் கட்டியிருந்தார்கள். அதை அகற்றி, காரை மண்ணுக்கடியில் அனுப்பிவிட்டு, 2010-இல் சதுக்கத்தை மீட்டார்கள்.)

தெருவோரம் நிறுத்துவதானால் மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது. தெரு பெருக்கும் நாள், நேரம் எழுதிய பலகை தனியாக இருக்கும். மீட்டர் கட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் கார் நின்றால் அபராதம்தான். புதியவர்கள் வாங்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை இதனால் வருபவை.

5. காலை நடை: புல் தெரு வழியாகத் தெற்கே

எட்டரைக்குத் தொடங்குங்கள். எல்லிஸிலிருந்து கிழக்கே ஒரு சதுக்கம் நடந்தால் ஜான்சன். 1733-இல் முதலில் அமைத்த சதுக்கம் இது. வடக்கே திரும்பினால் தெரு முடியும் இடத்தில் நகர மன்றத்தின் பொன் குவிமாடம் தெரியும். அதை முதுகுக்குப் பின்னால் விட்டு நேராகத் தெற்கே நடந்தால் போதும். ஜான்சன், ரைட், சிப்பேவா, மேடிசன், மான்ட்டரே என்று ஐந்து சதுக்கங்கள், பிறகு ஃபோர்சைத் பூங்கா. மொத்தம் ஏறக்குறைய ஒரு மைல்தான்.

ஒரு மைலுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சதுக்கத்திலும் பெஞ்சில் கொஞ்சம் உட்காரவில்லை என்றால் ஐந்தும் ஒன்றாகக் கலந்துவிடும். இரவில் போட்டோ பார்க்கும்போது எது எங்கே என்று தெரியாது. நுழைந்ததும் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துவிட்டு மற்றதை எடுப்பது நல்ல பழக்கம்.

ரைட் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பெரிய பாறை கிடக்கும். நடுவில் இருக்கும் பெரிய நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஓகில்தார்ப்புக்கு இங்கே குடியேற இடம் தந்த யமாக்ரா தலைவர் டோமோசீச்சியை இந்தச் சதுக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அவருடைய இடத்தில் பின்னாளில் ஒரு ரயில் கம்பெனித் தலைவருக்கு நடுச்சின்னம் எழுந்தது. பாறை பிறகு ஓரமாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சதுக்கம் விளங்கும்.

சிப்பேவாவில் எல்லோரும் ஒரு பெஞ்சைத் தேடுவார்கள். ஃபாரஸ்ட் கம்ப் படத்தில் வருகிற பெஞ்சு. அது படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து போட்டது, இங்கே இல்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் மார்ட்டின் லூதர் கிங் சாலையில் உள்ள சவானா வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது ஓகில்தார்ப் சிலை. டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்சு வடித்து 1910-இல் நிறுவியது. அன்றைய எதிரியான ஸ்பானிய ஃபுளோரிடாவை நோக்கித் தெற்கே பார்த்து நிற்கிறார். திசை குழம்பினால் அவர் பார்க்கும் பக்கம் பூங்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடிசனுக்கும் மான்ட்டரேக்கும் இடையில் ஜோன்ஸ் தெரு குறுக்கே வரும். இப்போது திரும்பாதீர்கள், திரும்பி வரும்போது அதற்கு நேரம் வைத்திருக்கிறோம். மான்ட்டரேயின் கிழக்குப் பக்கம் மிக்வே இஸ்ரேல் யூதத் தொழுகைக் கூடம்; வெளியிலிருந்து பார்த்தால் கோதிக் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். மேற்குப் பக்கம் மெர்சர் மாளிகை. கிழக்கும் மேற்கும் பாருங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

6. ஃபோர்சைத் பூங்கா: மத்தியானச் சாப்பாடு இங்கே

முப்பது ஏக்கர். 1858-இல் வைத்த வெள்ளை நீரூற்று வடக்கு முனைக்கு அருகில். பாதிப் பேர் நீரூற்றோடு படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அதற்குத் தெற்கேதான் திறந்த புல்வெளி, விளையாட்டுத் திடல், கழிப்பறை எல்லாம். சனிக்கிழமை காலை தெற்கு முனையில் உழவர் சந்தை நடக்கும். பகல் ஒரு மணிக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். நடையைச் சனிக்கிழமை வைப்பதற்கு இந்தச் சந்தையும் ஒரு காரணம்.

படுதாவை விரித்து, கட்டி வந்த புளியோதரையையும் உருளைக்கிழங்கு வறுவலையும் எடுங்கள். சுற்றியுள்ள தெருக்களில் உணவகம் தேடி வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். பெரியவர்கள் அரை மணி நேரம் காலை நீட்டிக்கொள்ளவும் ஆகும்.

மரங்களில் ஜடையாகத் தொங்கும் சாம்பல் நிறச் செடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷ் பாசி என்று பெயர். பாசியும் அல்ல, மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியும் அல்ல. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது, காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். தரையில் விழுந்து கிடப்பதைக் குழந்தைகள் தலையில் விக் போல வைத்து விளையாடுவார்கள், விடாதீர்கள். தரையில் கிடந்த பாசியில் அரிப்பு உண்டாக்கும் நுண்பூச்சிகள் ஏறியிருக்கும். வீட்டுக்கு எடுத்து வருவதும் வேண்டாம்.

7. திரும்பும் நடை: வேறு தெருவில் வடக்கே

வந்த வழியே திரும்பாதீர்கள். பூங்காவின் வடகிழக்கு மூலையிலிருந்து கேஸ்டன் தெருவில் கிழக்கே நடந்து அபர்கார்னைப் பிடியுங்கள். முதலில் வருவது டெய்லர் சதுக்கம். பழைய வரைபடங்களில் கல்ஹூன் என்றிருக்கும். அடிமைமுறையை ஆதரித்து வாதாடிய கல்ஹூனின் பெயரை நகரசபை நீக்கிவிட்டு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவித்த சூசி கிங் டெய்லரின் பெயரை 2023-இல் தேர்ந்தெடுத்தது. அச்சடித்த பழைய கையேட்டை வைத்துக்கொண்டு தேடுபவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

அதைத் தாண்டியதும் ஜோன்ஸ் தெரு. இடதுபுறம் திரும்பி டிரேட்டனைக் கடந்து புல் தெரு வரை போய், அடுத்த பக்கத்து நடைபாதையில் திரும்பி வாருங்கள். செங்கல் பதித்த சாலை, மேலே இரண்டு பக்கத்து ஓக் கிளைகளும் கோத்த பந்தல். பகல் உச்சியிலும் நிழல் இருக்கும் என்பதால்தான் இதைக் காலையில் விட்டுவைத்தோம்.

பிறகு லஃபாயெட் சதுக்கம். இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது புனித யோவான் பேராலயம். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. உள்ளே குரலைத் தணித்து, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போங்கள். அடுத்து வடக்கே காலனியல் பார்க் கல்லறைத் தோட்டம்: 1750-இல் திறந்து 1853-இல் அடக்கம் செய்வதை நிறுத்திய இடம். கிழக்குச் சுவரில் வரிசையாகப் பதித்திருக்கும் கற்களைப் பாருங்கள். எந்தக் கல் எந்தக் கல்லறையுடையது என்று தெரியாமல் போனவை அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

தெம்பு இருப்பவர்கள் இங்கிருந்து கிழக்கே ஒரு தெரு தாண்டி ஹேபர்ஷம் வழியாகக் கொலம்பியா சதுக்கத்துக்குப் போகலாம். 1820-இல் கட்டிய டேவன்போர்ட் இல்லம் அங்கே. எல்லிஸ் சதுக்கச் சந்தையை இடித்த ஆத்திரத்தில் 1955-இல் சேர்ந்த ஊர்க்காரர்கள் இடிபடாமல் காப்பாற்றிய முதல் வீடு அது. கால் வலிப்பவர்கள் நேராக ஓகில்தார்ப் சதுக்கத்துக்கு வந்துவிடலாம்.

8. வெயில் உச்சியில் கூரைக்குள் போங்கள்

ஓகில்தார்ப் சதுக்கத்தில் ஓவன்ஸ்-தாமஸ் இல்லம். கட்டடக் கலைஞர் வில்லியம் ஜே வடிவமைத்து 1819-இல் முடிந்தது. பிற்பகல் இரண்டு மணி டிக்கெட் எடுக்கச் சொன்னது இதற்குத்தான்: வெயிலும் தளர்ச்சியும் சேரும் நேரத்தில் ஏசிக்குள் இருப்பீர்கள்; நடையும் சரியாக இங்கே வந்து முடிந்திருக்கும்.

முன்புற மாளிகையின் அலங்காரத்தோடு நிறுத்தாமல், பின்கட்டில் உள்ள அடிமைகளின் குடியிருப்பில் நிதானமாக நில்லுங்கள். கூரையில் இன்னும் ஒட்டியிருக்கும் வெளிர்நீலச் சுண்ணாம்புப் பூச்சு, தீய ஆவிகளை அண்டவிடாது என்ற நம்பிக்கையில் அவர்கள் பூசியது. காலையிலிருந்து பார்த்து வந்த அழகான வீடுகளின் பின்கட்டில் யார் இருந்தார்கள் என்பது இங்கேதான் தெரிகிறது. நகர மையத்தில் ஒரே ஒரு வீட்டுக்குள் போக நேரம் என்றால் இதற்குத்தான் போகச் சொல்வேன்.

டெல்ஃபேர் அருங்காட்சியகத்தின் மூன்று கட்டடங்களில் இது ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. மற்ற இரண்டும் மேற்கே டெல்ஃபேர் சதுக்கத்தில். மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பிற்பகலில் மூன்றையும் முடிக்க முயன்றால் குழந்தைகள் மூன்றாவதில் தரையில் படுத்துவிடுவார்கள்.

அருங்காட்சியகம் வேண்டாம் என்பவர்களுக்கு: எல்லிஸுக்கு மேற்கே ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம். சபை 18-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இப்போதுள்ள கட்டடம் 1859. கீழ்த்தளப் பலகையில் அழகிய வடிவத்தில் துளைகள் இருக்கின்றன. தப்பி ஓடிய அடிமைகள் அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட இட்டவை என்று சபையார் சொல்வார்கள். சுற்றுகளுக்கு நேரம் உண்டு; அன்று காலையே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஆற்றங்கரைக்கு மாலையில்

புதியவர்கள் பலர் ரிவர் தெருவில்தான் தொடங்குகிறார்கள். காலையில் அங்கே கடைகள் முழுதாகத் திறந்திருக்காது; காலின் தெம்பெல்லாம் படியிலேயே போய்விடும். ஊர் மேட்டில் இருக்கிறது, ஆறு பள்ளத்தில். பே தெருவிலிருந்து இறங்கும் பழைய கல்படிகள் செங்குத்தானவை, ஒரே உயரத்தில் இல்லாதவை. முட்டி வலி உள்ளவர்களை அதில் இறக்காதீர்கள். நகர மன்றத்துக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது.

கீழே சாலையில் பதித்திருப்பவை கப்பல்கள் அடிப்பாரத்துக்காக ஏற்றி வந்த உருண்டைக் கற்கள். தள்ளுவண்டியை ஆற்றோர நடைபாதையில் மட்டும் தள்ளுங்கள். அங்கிருந்து ஆற்றின் அக்கரைக்கு இலவசப் படகு ஓடுகிறது. அதில் ஒருமுறை போய்வந்தால் நகரத்தின் முகப்பு முழுதாகத் தெரியும். காத்திருக்கையில் கன்டெய்னர் கப்பல் ஒன்று கட்டட உயரத்துக்கு அருகில் கடந்து போனால் குழந்தைகளுக்கு அன்றைய நாளின் சிறந்த காட்சி அதுவாகத்தான் இருக்கும்.

நடக்கவே முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் டிராலி வண்டியில் முதலில் இறங்காமல் ஒரு முழுச் சுற்று போகவிடுங்கள். பிடித்த இடத்தைக் குறித்துக்கொண்டு இரண்டாம் சுற்றில் இறங்கலாம். முதல் சுற்றிலேயே ஏறி இறங்கினால் காத்திருப்பிலேயே நாள் கழியும். நகர மையத்தில் இலவசப் பேருந்தும் ஓடுகிறது.

10. இரண்டாம் நாள்: பூட்டும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

இன்று பார்ப்பவை ஏறக்குறைய எல்லாமே மாலை ஐந்துக்கோ அதற்கு முன்போ மூடுபவை. "அஸ்தமனத்தில் கல்லறைத் தோட்டம் அழகா இருக்குமாம்" என்று பானவென்ச்சரைக் கடைசியில் வைப்பவர்கள் பூட்டிய கேட்டைத்தான் படம் எடுத்து வருவார்கள்.

ஆகவே பானவென்ச்சர் முதலில், காலை எட்டு மணிக்கே. நகர மையத்துக்குக் கிழக்கே சில மைல். வில்மிங்டன் ஆற்றின் மேட்டுக் கரையில் சுமார் நூறு ஏக்கர். கட்டணம் இல்லை. உள்ளே கார் போகலாம், ஆனால் வாசலுக்கு அருகில் நிறுத்தி, அலுவலகத்தில் வரைபடம் வாங்கிக்கொண்டு நடப்பது நல்லது. கழிப்பறையும் அந்தப் பக்கம்தான். கவிஞர் கான்ராட் எய்க்கனின் கல்லறைக்கல் ஒரு பெஞ்சு, அதில் உட்காரலாம். வேறு எந்தக் கல்லிலும் சாயவோ ஏறவோ கூடாது; இன்றும் அடக்கம் நடக்கும் இடம் இது. ஒரு நூலின் அட்டையால் புகழ்பெற்ற, இரு கையிலும் கிண்ணம் ஏந்திய பெண் சிலையைத் தேடாதீர்கள். கூட்டம் தாங்காமல் அதை இங்கிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது டெல்ஃபேர் அருங்காட்சியகத்தில்.

அடுத்து தெற்கே வார்ம்ஸ்லோ, தொடக்க காலக் குடியேறி நோபிள் ஜோன்ஸின் பழைய பண்ணை. 400-க்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் இருபுறமும் நிற்கும் ஒன்றரை மைல் சாலை. வாசலில் படம் எடுத்துவிட்டுப் போகாமல் உள்ளே போய், சிப்பி ஓட்டையும் சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துக் கட்டிய நோபிள் ஜோன்ஸ் வீட்டின் இடிபாடுகளைப் பாருங்கள். ஊரைச் சுற்றி நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். அங்கிருந்து பக்கத்திலேயே ஸ்கிடவே தீவு மாநிலப் பூங்கா, 588 ஏக்கர். நேரம் குறைவென்றால் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு மைல் சாண்ட்பைப்பர் தடம் போதும்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் இந்த இரண்டு இடத்திலும் செல்லாது, இவை மாநிலத்துடையவை. மாநிலப் பூங்காவின் பார்க்கிங் சீட்டும் வார்ம்ஸ்லோவின் நுழைவுக் கட்டணத்துக்கு ஆகாது. அங்கே தனி டிக்கெட்.

11. பிற்பகலுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புலாஸ்கி கோட்டை: டைபீ தீவுக்குப் போகும் யூஎஸ் 80 சாலையில். தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரலில், புதிய வகைப் பீரங்கிகள் முப்பது மணி நேரத்தில் இதன் சுவரைத் துளைத்தன. தென்கிழக்கு மூலைக்கு வெளியே போய்ப் பார்த்தால் சுவரில் செருகி நிற்கும் குண்டுகளும், பிறகு அடைத்த செந்நிறச் செங்கல்லும் தெரியும். உள்ளே மட்டும் சுற்றிவிட்டு வருபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கிளம்பும் முன் கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய மிக உயர்ந்த ஏற்றங்களில் அந்தச் சாலையிலேயே தண்ணீர் ஏறும். தீவுக்கு வேறு சாலை கிடையாது.

அல்லது சவானா தேசிய வனவிலங்குப் புகலிடம்: டால்மட்ஜ் பாலத்தைத் தாண்டி, தென் கரோலினா பக்கம். லாரல் ஹில் சுற்றுப்பாதை நான்கு மைல், காரிலேயே போகலாம், கட்டணமில்லை. நம்மவர்களுக்கு இந்த இடம் சட்டென்று பிடிபடும். நீங்கள் ஓட்டிப் போகும் மேடு பழைய நெல் வயலின் கரை. பக்கத்தில் இருப்பது வாய்க்கால். நீரை விடவும் அடைக்கவும் மதகு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் கையால் வெட்டி எழுப்பிய கழனிகள் இவை. இன்று கொக்கும் வாத்தும் முதலையும். வண்டியை விட்டு இறங்கினால் நீரோரத்துக்குப் போகாதீர்கள். முதலை அசையாமல் கிடப்பதைத் தூக்கம் என்று எண்ண வேண்டாம்.

நடக்கக்கூடியவர்கள் கோட்டைக்கு, முதியவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள் வயலுக்கு. இரண்டும் எதிரெதிர் திசை. ஒரே பிற்பகலில் இரண்டையும் வைக்காதீர்கள்.

12. சைவம் சாப்பிடுபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

பெயரைப் பார்த்து முடிவு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். காலர்ட் கீரையை வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பார்கள். பட்டர் பீன்ஸும் அப்படியே. தக்காளி சாதம் போலத் தெரியும் சவானா ரெட் ரைஸில் பேக்கனோ சாஸேஜோ இருக்கும். கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியைச் சிலர் கோழிச் சாற்றில் காய்ச்சுவதுண்டு. வறுத்த வெண்டைக்காய் நம் ஊர்ப் பண்டம் மாதிரியே இருக்கும். ஆனால் இறால் பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள்.

"வெஜிடேரியனா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆமாம், காய்கறிதான்" என்று நல்லெண்ணத்தோடே பதில் வரும். "பன்றி இறைச்சி போட்டீர்களா, கோழிச் சாறு ஊற்றினீர்களா?" என்று தனித்தனியாகக் கேட்டால் சமையலறையில் போய் விசாரித்துச் சொல்வார்கள். பிமென்டோ சீஸ் சாண்ட்விச், மக்ரோனி சீஸ், கார்ன்பிரெட், பீச் காப்ளர் பெரும்பாலும் தப்பிக்கும். கார்ன்பிரெட்டில் மட்டும் பன்றிக் கொழுப்பா வெண்ணெயா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

13. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால்

காலை எட்டுக்குப் பானவென்ச்சர், ஒரு மணி நேரம். ஒன்பதரைக்கு எல்லிஸுக்கு அடியில் கார். புல் தெருவில் தெற்கே, பூங்காவில் சாப்பாடு, ஜோன்ஸ் தெரு வழியாக அபர்கார்னில் வடக்கே, மாலை ஐந்துக்கு ஆற்றங்கரை. வீடு, அருங்காட்சியகம் எதற்குள்ளும் போகாதீர்கள். கோட்டை, வார்ம்ஸ்லோ இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆறரை மணிக்கெல்லாம் ஐ-16-இல் ஏறிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் மான்கள் குறுக்கே வரும். ஓட்டுபவர் காலையிலிருந்து நடந்தவர் என்பதால் பக்கத்து சீட்டில் தூங்காத ஒருவரை உட்கார வையுங்கள்.